நாட்றாம்பாளையத்தில் பேஸ் பொட்டி வாங்குவது எப்படி?

காசு மட்டும் இருந்தால் பேஸ் பொட்டி வாங்கிவிட முடியாது. கூடவே ஒரு மச்சான் வேண்டும். ஓசூர் கம்பெனியில் வேலை, கையில் போன், வாயைத் திறந்தால் எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்று ஸ்பீக்கர் அளவுகள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் என்று பஸ் மாறி பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இறங்கும்வரை நிறுத்தமாட்டார். பொறுமையாகக் கேளுங்கள், அதில் சரக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் தொடங்கி, 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் விரித்தெழுதிய கணக்கு அது. எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பொட்டி, மூடியதா ஓட்டை வைத்ததா என்று பலகையை அறுக்கும் முன்பே சொல்லிவிடும். மூடிய பொட்டியில் பேஸ் ஆக்டேவுக்கு 12 டெசிபெல் என்று நிதானமாக இறங்கும். ஓட்டை வைத்தது இன்னும் கீழே வரை தாக்குப்பிடித்து, பிறகு 24 என்று சடாரென விழும்.

கடையில் எது அதிகச் சத்தமோ அதையே வாங்குங்கள். சத்தம் ஏறினால் காதுக்குப் பேஸ் இன்னும் கனமாகப் படும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்துவிட்டார்கள். கடைக்காரர் அதைப் படித்திருக்கமாட்டார். ஆனால் தள்ளிவிட நினைக்கும் பொட்டிக்கு வால்யூமை ஒரு பொட்டு தூக்கிவைக்கத் தெரியும். இரண்டு பொட்டிகளையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொன்னால் வம்புக்காரர் என்பார். அந்தப் பெயரோடு திரும்புவது நல்லது. ஸ்டிக்கரில் 4,000 வாட் பிஎம்பிஓ என்றிருந்தால் கரண்ட் பில் பற்றிப் பயமே வேண்டாம்.

டெமோவில் குண்டு வெடிக்கும். குண்டு சரியாக வெடிக்கவில்லை என்று யார் சொல்வது? நீங்கள் நூறு முறை கேட்ட இளையராஜா பாட்டைப் போடச் சொல்லுங்கள். பேஸ் கிட்டாரின் சுரங்கள் தனித்தனியாக நடக்கின்றனவா, எல்லாம் ஒரே ‘தும்’தானா?

வீட்டில்தான் வேடிக்கை. 12 அடி அகல ஹாலில் 47 ஹெர்ட்ஸ் சுவரோரம் குமுறும், நட்டநடுவில் காணாமல் போகும். மச்சான் இதையும் கணக்குப் போட்டுவிடுவார். ஆனால் திறந்த கதவையும் தகரக் கூரையையும் மூலையில் அடுக்கிய ராகி மூட்டையையும் எந்தக் கட்டத்தில் நிரப்புவார்? ஆகவே நீங்கள் உட்காரும் இடத்தில் பொட்டியை வைத்துவிட்டு, பாட்டைப் போட்டு, சுவரோரமாகத் தவழுங்கள். பேஸ் தெளிவாகக் கேட்கிற இடம்தான் பொட்டிக்குரிய இடம். வீட்டுக்காரி “என்ன தொலைச்சீங்க?” என்பார். பதில் சொல்லாமல் மச்சானையும் தவழவிடுங்கள், போனை வாங்கி வைத்துக்கொண்டு.