கஜலட்சுமி மேல் ரசம்

முட்டி இன்னும் வலிக்கிறது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் நாதாங்கி தொங்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? இடித்த சத்தம் கேட்டதும் நண்பர் “ஐயையோ!” என்று பதறிக் குனிந்தார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். நாதாங்கியைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் ஆகலை. நூத்தம்பது வருஷத்துப் பொருள் சார், பார்த்து உட்காரணும்” என்றார்.

அது மேஜை இல்லை, கதவு. செட்டிநாட்டு வீட்டுக் கதவு, பர்மா தேக்கு. பழைய மகாபலிபுரம் சாலையில், 14-ஆம் மாடியில், அதைப் படுக்கப் போட்டு, இரும்புக் கால் முடுக்கி, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். கண்ணாடிக்குக் கீழே, செதுக்கி வண்ணம் பூசிய கட்டங்களில் கஜலட்சுமி, வேணுகோபாலன், ஆஞ்சநேயர், கடைசியில் ஒரு யாளி.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். மேஜையாக இல்லாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டமாக, அதுவும் இல்லாவிட்டால் செருப்பு அலமாரிக்கு மேலே “சும்மா ஒரு லுக்குக்கு”. கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் எழுத உட்கார்ந்தது குதிரையைப் பற்றி. கோயில் வாகனக் குதிரையை விலைக்கு வாங்கி ஹாலில் நிறுத்துகிறவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். மேஜையை மட்டும் முடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

கதவு மேஜையில் யார் எங்கே உட்காருவது என்பது லேசுப்பட்ட விவகாரம் இல்லை. லட்சுமி வீட்டுக்காரருக்கு. அதில் பேச்சே கிடையாது, இ.எம்.ஐ. கட்டுகிறவர் அவர். வேணுகோபாலன் அவர் மனைவிக்கு. பையனுக்குப் பரீட்சை வருவதால் ஆஞ்சநேயர். விருந்தாளிக்கு யாளி. அது கண்ணை உருட்டி, பல்லைக் காட்டிக்கொண்டு பார்க்க, நான் சாம்பார் சாதம் பிசைந்தேன். தட்டை வைத்து மூடிவிடலாம் என்றால் வாய் மறைகிறது, கண் மறையவில்லை. தட்டை மேலே தள்ளினால் கண் மறைகிறது, பல் என் மடிக்கு நேராக வருகிறது.

கதவில் பித்தளைக் குமிழ்கள் இருக்கின்றன அல்லவா, அதனால் கண்ணாடி படிந்து உட்காராது. அந்த இடைவெளியில் ரசம் இறங்கும். கஜலட்சுமிக்கு இரண்டு பக்கமும் யானைகள் நீர் வார்ப்பது காலங்காலமாக நடப்பது. ரசம் வார்ப்பது இந்த வீட்டில்தான். துடைக்க வேண்டுமானால் கண்ணாடியைத் தூக்க வேண்டும், தூக்க நாலு ஆள் வேண்டும். ஆகவே தாமரைக்குப் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலை நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. “இதுவும் செதுக்கினதா?” என்று கேட்டேன். பதில் இல்லை.

அசைவம் அடுத்த தலைவலி. செவ்வாய், வெள்ளி கிடையாது. சனிக்கிழமை வேணுகோபாலன் நேரிலேயே படுத்திருக்கிறார், கிடையாது. புரட்டாசி முழுக்கக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு வைத்தால் கெட்டியான விரிப்பைப் போட்டு எல்லாச் சாமியையும் மூடிவிடுவார்களாம். முட்டைக்கு விரிப்பு தேவையா என்பதில் தம்பதிக்குள் தகராறு நடந்து, ஆம்லெட்டுக்கு உண்டு, கேக்கில் கலந்த முட்டைக்கு இல்லை என்று ஓர் உடன்பாடு எட்டப்பட்டிருந்தது. முட்டை பஃப்ஸ் வாங்கி வந்த சாயங்காலம் அது முறிந்தது. பிறகு பையன்தான் வழி சொன்னான். யாளி சாமி இல்லையே, அசைவம் சாப்பிடுகிறவர்கள் அந்தக் கோடியில் உட்கார்ந்தால் விரிப்பே வேண்டாமே என்று. அன்றிலிருந்து அப்படித்தானாம். எனக்கு ஏன் அந்த இடத்தைக் கொடுத்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

“வரலட்சுமி நோன்புக்குக் கலசத்தை இங்கேதான் வைப்பீங்களா?”

“பூஜை ரூம் தனியா இருக்கு சார். இது டெகர்.”

குதிரைக்கு வருகிறேன். நடுவில் டி.வி. ஒன்று இருக்கிறது.

டி.வி.க்கு மேலே சூரியப்பலகை. ஏதோ ஒரு தலைவாசலுக்கு மேல் இருந்தது. அதிலும் ஒரு கஜலட்சுமி, காவியும் பச்சையும் நீலமுமாக. என்னோடு வந்த அத்தை அதைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு விழுந்து கும்பிட இடம் தேடினாள். கீழே சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. “ஏம்மா, விளக்கு வைக்கலையா?” என்றாள். “அது சும்மா ஷோவுக்குங்க” என்றார் வீட்டுக்காரம்மா. அத்தைக்குப் புரியவில்லை. 11 ரூபாயை முடிச்சிலிருந்து அவிழ்த்து ஸ்பீக்கர்மேல் வைத்துவிட்டாள். காணிக்கையை எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் அவர்கள் முழித்ததுதான் என் முட்டிக்குக் கிடைத்த ஒரே ஒத்தடம்.

அந்தப் பலகைக்கு முன்பு வேலை இருந்தது. வெள்ளிக்கிழமை சந்தனம், குங்குமம். விசேஷம் என்றால் மாவிலைத் தோரணம். பர்மாவில் வட்டிக்கு விட்டுச் சம்பாதித்தவர்கள் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து கட்டியவை செட்டிநாட்டு வீடுகள். 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த பணம் நின்றது. பங்காளிகள் பெருகுவது மட்டும் நிற்கவில்லை. ஓடு மாற்ற எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் போடமாட்டார். இடிக்க என்றால் போடுகிறார். தூண் தனியாக, உத்திரம் தனியாக, சாமி தனியாகப் பிரிந்து காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்துவிடுகிறது. கடைக்காரரை நான் திட்டமாட்டேன். அவர் எடுக்காவிட்டால் விறகுதான். நம்மைத்தான் திட்ட வேண்டும். சொந்தப் பாட்டி வீட்டை விற்றுப் பிரித்த பங்குப் பணத்தில், அடுத்தவர் பாட்டி வீட்டுக் கதவை வாங்கி மாட்டுகிறோம்.

அதுவும் எப்படி வாங்குகிறோம்! கதவின் வயதைக் கேட்டால், எங்கே போகிறது என்று கடையில் திருப்பிக் கேட்கிறார்கள். சென்னை என்றால் 150 வருஷம். நியூஜெர்சியில் இருக்கிற மகளுக்கு என்றால் 80. நூறு வருஷத்துப் பழம்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது என்று 1972-ஆம் வருஷத்துச் சட்டம் இருப்பதால், கப்பல் ஏறும் கதவு இளமை திரும்பித்தான் ஏறுகிறது.

உரிந்த வண்ணத்துக்கு விலை தனி. “மூலிகைச் சாயம்” என்றாராம் கடைக்காரர் என் நண்பரிடம். பொங்கலுக்குப் பொங்கல் பூசிய எனாமல் பெயிண்ட் என்பது அடுக்கடுக்காக என் கண்ணுக்கே தெரிகிறது. என் வீட்டுக் குளியலறைக் கதவிலும் இதே அழகோடு உரிகிறது. யாரும் வந்து விலை கேட்டதில்லை.

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் இன்றைக்கும் சாமியும் வாகனமும் மரத்தில் செதுக்குகிறார்கள், 2020-இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது, அந்த மாதிரி ஆட்களிடம் ஒரு கஜலட்சுமி சொல்லிச் செய்யலாமே என்றேன். “புதுசா இருக்குமே சார்” என்று நண்பர் முகம் சுளித்தார். அவருடைய மச்சினர் ஒரு சிற்பியிடம் சொல்லியிருக்கிறாராம். நிபந்தனை இரண்டு: வண்ணம் பாதி சுரண்டியிருக்க வேண்டும், இடது பக்க யானைக்குத் தும்பிக்கை உடைந்திருக்க வேண்டும். சிற்பி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “முழுசாச் செதுக்கிட்டுத்தான் உடைப்பேன், உடைக்கிற கூலி தனி” என்றிருக்கிறார். மச்சினர் இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.