பத்து நிமிட அண்ணாச்சி

தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் கடிகாரம் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும். நேரம் மட்டும் போர்மேன் அண்ணாச்சியிடம் இருக்கும். வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இவர் இல்லாத ஆலை கிடையாது. சட்டைப் பையில் இரண்டு பேனா, தோளில் துண்டு, கக்கத்தில் கணக்கு நோட்டு, வாயில் எந்நேரமும் ஒரே வாசகம்: “இந்தா, ஒரு பத்து நிமிஷம் தாயி.”

அந்தப் பத்து நிமிடத்துக்கு நீள அகலம் கிடையாது. காலையில் வேன் வந்து இறக்கியதும் ஷெட்டைக் கூட்டித் துடைக்க ஒரு பத்து நிமிடம். சாயங்காலம் சிந்திய மருந்தைச் சுத்தம் செய்ய ஒரு பத்து நிமிடம். இவை எதுவும் கூலி நோட்டில் ஏறாது. திரி சொருகினால், குழாய் உருட்டினால், சரம் பின்னினால்தான் பீஸ் ரேட்டு. கூட்டுவதும் அள்ளுவதும் ‘நம்ம இடம், நாமதானே பாக்கணும்’ என்ற கணக்கில் போய்விடும். கூலி போடும் சனிக்கிழமை மட்டும் அது நம்ம இடமாக இருக்காது.

வானம் கறுத்தால் அண்ணாச்சிக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். மேடையில் காயும் சரக்கு நனையக் கூடாது. “ஏத்தா, ஓடியாங்க!” என்று ஒரு சத்தம். இருபது பேர் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடித் தட்டுகளைத் தூக்கி உள்ளே வைப்பார்கள். மேகம் கலைந்து வெயில் அடித்தால், அதே இருபது பேர் அதே தட்டுகளை வெளியே எடுத்து வைப்பார்கள். பெய்யாத மழைக்கு ஏது கூலி? பெய்தால் அன்றைக்குச் சரக்கே காயாது. அதற்கும் கூலி கிடையாது. கரிசக்காட்டில் மேகம் கூட முதலாளி பக்கம்தான்.

வாசல் அருகே ஒரு பலகை உண்டு. வேலைநேரத்தைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியில் எழுதி மாட்ட வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னதால் வந்த பலகை அது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவே அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றது 55 ஆம் பிரிவு. 150 பேருக்கு மேல் இருந்தால் சாப்பாட்டு அறை வேண்டும், அறை இருந்தால் வேலை செய்யும் இடத்தில் சாப்பிடக் கூடாது என்றது 47 ஆம் பிரிவு. அண்ணாச்சி அந்தப் பலகையை ஆயுதபூசைக்குத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார். அதற்கு மேல் ஒரு சட்டத்துக்கு என்ன மரியாதை செய்ய முடியும்?

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. இடைவேளை எவ்வளவு என்பதை அது அரசின் அறிவிப்புக்கு விட்டிருக்கிறது. அண்ணாச்சி அலட்டிக்கொள்ளவில்லை. “எந்தச் சட்டம் வந்தா என்ன? தீவாளித் தேதி மாறுமா?”

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. “சாப்பிட வேண்டாம்னு நான் யாரையாச்சும் சொன்னனா?” என்று துண்டைப் போட்டுத் தாண்டுவார். சத்தியமான பேச்சு. அதைச் சொல்லும் வேலையை அவரிடமிருந்து பீஸ் ரேட்டு வாங்கிக்கொண்டது. அரை மணி உட்கார்ந்து சாப்பிட்டால் அரை மணிச் சரக்கு குறையும். சரக்கு குறைந்தால் சனிக்கிழமை கூலி குறையும். ஆக, சட்டம் இலவசமாகக் கொடுத்த அரை மணியை மதினிமார்கள் தங்கள் காசைக் கொடுத்து வாங்க வேண்டும். விலை கட்டுப்படியாகாததால் அவர்கள் பத்து நிமிடம்தான் வாங்குகிறார்கள். அதிலும் பாதி, கையில் ஒட்டிய அலுமினியப் பொடியைக் கழுவவே போய்விடும். மிச்சத்தில் தூக்குவாளியைத் திறந்து, புளிச்சோற்றை அள்ளிப் போட்டு, ஊறுகாய்க்கு நேரம் இல்லாமல் எழுந்துவிடுவார்கள்.

நாட்டில் வேறொரு கணக்கும் உண்டு. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க இரவு 8 முதல் 10 வரை இரண்டு மணி நேரம் என்று உச்ச நீதிமன்றம் 2018 இல் வரையறுத்தது. தமிழ்நாட்டில் அதைக் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று பிரித்துக் கொடுத்தார்கள். வெடிக்கிறவருக்கு இரண்டு மணி நேரம் உறுதி. செய்தவருக்கு அரை மணிக்கே வழியில்லை.

முழு ஓய்வு கிடைக்கும் நாளும் உண்டு. அதற்குச் ‘செக்கிங்’ என்று பெயர். அதிகாரிகள் வண்டி வருகிறது என்று தகவல் வந்ததும், ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி அண்ணாச்சிக்குச் சட்டென்று ஞாபகம் வரும். மிச்சப் பேர் வேலியைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போய்விட வேண்டும். அங்கே ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம், நிம்மதியாக ஊறுகாயும் தொட்டுக்கொண்டு சாப்பிடலாம், பேன் பார்க்கலாம், பேரன் பேத்தி கதை பேசலாம். கூலி இல்லை என்பது ஒன்றுதான் குறை. “தினம் ஒருக்கா வந்தாங்கன்னா வகுறு நெறையும், வாரக் கடைசியில மடி காலியாயிரும்” என்றார் ஒரு பெரியம்மா. ஆய்வுத் துறையைப் பற்றி இத்தனை நடுநிலையான மதிப்பீட்டை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இத்தனைக்கும் அண்ணாச்சியும் சாப்பிடுவதில்லை. அவருடைய டிபன் கேரியர் மூன்று மணி வரை மூடியபடி இருக்கும். மேற்பார்வைப் பதவி என்று அரசு வரையறுத்த ஆட்களுக்கு வேலைநேர விதிகள் பொருந்தாமல் போக அந்த 1948 சட்டமே 64 ஆம் பிரிவில் வழி வைத்திருந்தது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்ற பேச்சும் அவர் பக்கம் வராது. சம்பளத்தில் முதலாளிக்கு ரொம்பத் தள்ளி நிற்கிறவர், விபத்து நடந்தால் மட்டும் பக்கத்தில் வந்துவிடுவார்: ‘உரிமையாளர், போர்மேன் மீது வழக்கு’ என்று பேப்பரில் ஒரே வரியில் போடுவார்கள். அதிலும் முதலில் கையில் அகப்படுகிறவர் பெரும்பாலும் இவர்தான்.

பசித்த கை அவசரப்படும். உராய்ந்தாலே பிடித்துக்கொள்ளும் மருந்துக்கு அவசரம் ஆகாது. இதை அண்ணாச்சி பயிற்சி வகுப்பில் படித்துத் தேறியவர், கேட்டால் ஒப்பிப்பார். அப்படியானால் சாப்பாட்டு அரை மணிக்கும் சேர்த்து ரேட்டைப் போட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“நல்ல யோசனைதான். மொதலாளிட்ட சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க.”