மொய்ப் பணத்தில் ஒரு நீதிமன்றம்

2013 மார்ச் 4. கம்போடியத் தலைநகர் நோம் பென்னுக்கு வெளியே, ராணுவ வளாகத்தில் நடந்த நீதிமன்றம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சிவப்பு அங்கி நீதிபதிகள். இந்தப் பக்கம் பெற்றவர்களையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர்கள். எல்லோருக்கும் ஹெட்போன் உண்டு. கெமர் மொழியில் சாட்சி சொல்வது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் காதில் விழ வேண்டும். அன்று எதுவும் விழவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் எழுந்து போய்விட்டார்கள். மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை.

போல் பாட்டின் கெமர் ரூஜ் ஆட்சியில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் கொலைகளிலும் செத்த வழக்கு அது. எதிர்த்தரப்பு வக்கீலின் சாமர்த்தியம் அதை நிறுத்தவில்லை. வீட்டு வாடகை நிறுத்தியது.

ஏனென்றால் இது மொய்ப் பணத்தில் நடந்த நீதிமன்றம். விருப்பப்பட்ட நாடுகள் விருப்பப்பட்டதைத் தரலாம். உள்ளூர் ஊழியர்களின் சம்பளம் கம்போடிய அரசின் பொறுப்பு; அந்த அரசும் நன்கொடையாளர்களின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டிலாவது பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டுதான் நோட்டில் பெயர் எழுதுவார்கள். இங்கே மைக்கில் பெயர் வாசித்து, கைதட்டி, படமும் எடுத்தாயிற்று. பணம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். மொய் வைக்காதவன் ஊரில் தலைகாட்ட முடியாது. நீதிக்கு மொய் வைக்காத நாடோ எந்தச் சபையிலும் கால்மேல் கால் போட்டு உட்காரலாம். (ஜப்பானைச் சொல்லவில்லை. அதிகம் கொடுத்தது அதுதான்.)

யூகோஸ்லாவியா, ருவாண்டா தீர்ப்பாயங்களுக்கு இந்தக் கதி இல்லை. ஐ.நா. உறுப்பு நாடுகள் கட்டாயமாகச் சந்தா கட்டின. சந்தா வலித்தது. அடுத்து சியரா லியோன் நீதிமன்றம் வந்ததும் ‘இஷ்டப்பட்டவர் கொடுங்கள்’ என்று மாற்றிக்கொண்டார்கள். நன்கொடையை நம்பி நீதிமன்றம் நடத்த முடியாது என்று ஐ.நா. பொதுச்செயலாளர் கோபி அன்னான் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதிக் கொடுத்தார். கேட்டார்களா? அந்த நீதிமன்றம் பாதி வழியில் கையேந்தியது, கடைசியில் ஐ.நா.வே பணம் போட வேண்டி வந்தது. அந்த அனுபவத்தோடுதான் கம்போடியாவுக்கும் அதே உண்டியலைத் தூக்கினார்கள்.

குண்டுக்கு யாரும் உண்டியல் தூக்குவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? 1969 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் கம்போடிய வயல்களில் கொட்டிய குண்டுகளுக்குக் காசுத் தட்டுப்பாடே இல்லை. அதை விசாரிக்கும் செலவும் கிடையாது. நீதிமன்றத்தின் கண் 1975 ஏப்ரல் 17-இல் திறந்து 1979 ஜனவரி 6-இல் மூடிக்கொள்ள வேண்டும் என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். சிக்கனம்!

கூண்டில் இருந்தவர்களில் ஒருவர் இயெங் சாரி, போல் பாட்டின் வெளியுறவு அமைச்சர். ஆட்சி பறிபோன பிறகும், புதைகுழிகளிலிருந்து மண்டை ஓடுகள் வந்துகொண்டிருந்தபோதும், ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலி கெமர் ரூஜ் தரப்புக்கே போனது. 1979-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் சீனாவும் அதற்குக் கைதூக்கின. அந்த நாற்காலிக்கு நிதிப் பற்றாக்குறை வந்ததாகத் தகவல் இல்லை. 1996-இல் அரச மன்னிப்பு. தலைநகரில் பங்களா. 2007-இல்தான் கைது. 2013 மார்ச் 14 அன்று, ஹெட்போன்கள் ஊமையாகக் கிடந்த அதே நாட்களில், 87 வயதில் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். தீர்ப்பு இல்லை, அவர் மீதான வழக்கு அன்றே முடித்துவைக்கப்பட்டது. எமனுக்குச் சம்பள பாக்கி கிடையாது போலிருக்கிறது.

செப்டம்பரில் மறுபடி வேலைநிறுத்தம், இந்த முறை நூறு பேருக்கு மேல். ‘பதினாறு வருஷம், 33 கோடி டாலர், தண்டனை மூன்றே பேருக்கா?’ என்று இன்று வரவு செலவு கேட்கிறவர்கள் அன்று எங்கே இருந்தார்கள்? மேற்கொண்டு ஆட்களை விசாரிக்கக் கூடாது என்று முட்டுக்கட்டை போட்ட அன்றைய பிரதமர் ஹுன் சென் ஒரு முன்னாள் கெமர் ரூஜ் தளபதி. மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சம்பளம் தர வேண்டியிருந்ததும் அவருடைய அரசுதான்.

துவோல் ஸ்லெங் சிறையில் செத்தவர்களின் குடும்பங்கள் நஷ்டஈடு கேட்டிருந்தன. சிறையை நடத்தியவரும் தண்டனை பெற்ற அந்த மூவரில் ஒருவருமான டொய்க்கிடம் காசில்லை, நீதிமன்றத்திடமும் இல்லை. உறவை நிரூபிக்கும் சான்று போதாது என்று சிலரைத் தீர்ப்பு நாளன்றே தள்ளிவிட்டார்கள். மற்றவர்களுக்குக் கிடைத்தது, தீர்ப்பில் தங்கள் பெயரும், டொய்க் விசாரணையில் கேட்ட மன்னிப்புகளின் தொகுப்பும். தொகுப்பை இணையதளத்தில் போட்டுவிடலாம் என்றார்கள். அச்சுக்கூலி மிச்சம்.