ஏனுங்க, லைசென்ஸ் இருக்குங்களா?

கோவையில் ரேடியோவும் ரேசரும் மோட்டாரும் செய்த முதலாளியின் கல்வித் தகுதியை முதலில் சொல்லிவிடலாம். 1893-இல் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, வாத்தியார் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினவர் என்பார்கள். பேச்சுக்குச் சொல்வதில்லைங்க, நிஜ மண்.

வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஊரே வாயைப் பிளந்தது. நாயுடு வண்டியைப் பிளந்து பார்க்க ஆசைப்பட்டார். கோவை ஓட்டலில் சப்ளையராக இருந்து காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதே வண்டியை வாங்கி, ஆசை தீரக் கழற்றி மாட்டினார். இன்ஜினியரிங் படிப்பு அத்தோடு முடிந்தது. பட்டமளிப்பு விழாதான் பாக்கி.

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. முருகன் அருளோ, கணக்குப் புத்தியோ, யு.எம்.எஸ். என்ற பெயரில் அது நூற்றுக்கணக்கான பஸ்களாகப் பெருகியது. கையில் நாலு காசு சேர்ந்தால் நம்ம பக்கத்தார் தோட்டம் வாங்குவார்கள், மில் வைப்பார்கள். இவர் ஜெர்மனி வரை போய், பேட்டரியில் ஓடும் 'ரேசண்ட்' ரேசரைக் கொண்டுவந்தார். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் செய்தார். 1941-இல் ஐந்து வால்வு ரேடியோ. 70 ரூபாய்க்கே செய்து தர முடியும் என்றார். சீமை ரேடியோ பங்களாக்களில் மட்டும் பாடிக்கொண்டிருந்த காலம் அது.

மண் தூவியவருக்குக் கல்வி மேல் கோபம் போலும், 1945-இல் தொழிற்கல்லூரி ஒன்றையே தொடங்கிவிட்டார். முதல்வரும் அவர்தான். நாலு வருஷம் எதற்கு, சீக்கிரமே சொல்லிக்கொடுத்து அனுப்பலாமே என்றார். மேலிடம் அசையவில்லை; நாற்காலியை விட்டு எழுந்து போய்விட்டார். அன்று பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர், இன்று கல்லூரியை விட்டு வெளியேறினார். வளர்ச்சிதானே!

1952-இல் இரண்டு பேர் போகும் சின்ன கார். 2,000 ரூபாய்க்குத் தரலாம் என்றார். அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. ஆனால் வரி நோட்டீசுக்கு மட்டும் யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. வெறுத்துப்போனவர், ஐம்பதுகளில் ஊரைக் கூட்டித் தான் செய்த பொருட்களைத் தானே உடைத்துக் காட்டினார். முதலாளிகள் வரியைக் குறைக்கச் சொல்லி மனுப் போடுவார்கள். சுத்தியல் எடுத்த முதலாளி இவர்தான்.

1974-இல் காலமானார். அரசாங்கக் கோப்பு மெதுவாக நகர்ந்து, 2025 அக்டோபரில் கோவை அவினாசி சாலையில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்தது. அவர் கார் செய்ய அனுமதி இல்லை. அடுத்தவர் செய்த கார்கள் அவர் மேல் போக மட்டும் தாராளமாக அனுமதி உண்டு.