நங்கூரம் பிடிச்சிருக்கா?

காரைப் பூட்டிவிட்டு இருபதடி நடந்தபின் திரும்பி வந்து கைப்பிடியை இழுத்துப் பார்ப்பார்கள். ஊருக்குக் கிளம்பி, பஸ் தாம்பரம் தாண்டியதும் “கேஸை மூடினோமா?” என்பார்கள். ரயிலில் சூட்கேஸைச் சங்கிலி போட்டுக் கட்டி, அந்தச் சங்கிலியின் மேல் காலை வைத்துக்கொண்டுதான் தூங்குவார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் அது நீங்கள்தான்.

இவர்கள் தரையில் இருக்கும்வரை பெரிய தொந்தரவு கிடையாது. பூட்டு யோக்கியமான சாமான்; ஒரு இழுப்பில் பதில் சொல்லிவிடும். ஆனால் இவர்களில் ஒருவருக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்து, ஐம்பது வயது நெருங்கும்போது திடீரென்று ஞானோதயம் வந்து, பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போகலாம் என்று கிளம்பிவிட்டால்? கடலில் கதவு இல்லை, பூட்டு இல்லை. இருப்பது ஒரே ஒரு நங்கூரம். அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.

நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. பொதுவாக ஒரு வகை மனிதர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் அக்காவும் இதைப் படிப்பாள்.

குயின்ஸ்லாந்தில் ஜூன் கடைசியில் பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். நமக்குக் கோடை, அங்கே குளிர்காலம். குளிர் என்று பெயர்தானே தவிர, வெப்பமண்டலக் கடற்கரை என்பதால் அரைக்கை சட்டை போதும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் பருவம், கடலில் விஷ ஜெல்லி மீன் வேறு. அதனால் படகுக்காரர்கள் எல்லாரும் இந்த நடு வருஷத்துக்காகக் காத்திருப்பார்கள். தென்கிழக்குக் காற்று நாள் தவறாமல் வீசும். மக்காயில் பாயை விரித்தால் டவுன்ஸ்வில், கெய்ர்ன்ஸ் என்று வடக்கே போகும்வரை காற்று முதுகில் தள்ளிக்கொண்டே வரும். பெருங்கடலின் பெரிய அலைகளை வெளியே கிரேட் பாரியர் ரீஃப் வாங்கிக்கொள்ளும். உள்ளே நமக்குக் குட்டி அலைகள்தான்.

பகல் முழுக்க இவர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. பாய் நிறையக் காற்று, கையில் சுக்கான், தலையில் தொப்பி. பழைய சினிமாப் பாட்டுகளைச் சரணத்தோடு பாடுவார்கள். வடக்கே கன்று ஈனப் போகும் ஹம்ப்பேக் திமிங்கிலம் மூச்சு விட்டால் குழந்தைகளுக்கு முன்னால் இவர்கள் குதிப்பார்கள். “மாப்ள, இதுதான் வாழ்க்கை!” என்று முதுகில் ஓங்கி அறைவார்கள். மத்தியானம் மூன்று மணிவரை இப்படித்தான். அதற்குப் பிறகு அந்த முகம் மாறும். பாட்டு நிற்கும். வரைபடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். ராத்தங்கல் இடம் நெருங்குகிறது.

நங்கூரம் போடுவது இரண்டு பேர் வேலை. ஒருவர் படகின் மூக்கில் நின்று சங்கிலியை இறக்க வேண்டும். இன்னொருவர் பின்னால் சுக்கானையும் எஞ்சினையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூக்கில் அத்தான், அதாவது, இப்படிப்பட்ட ஒருவர். சுக்கானில் அவர் மனைவி. நடுவே பன்னிரண்டு மீட்டர் தூரம், எதிர்க்காற்று, சங்கிலி ஓடும் கடகட சத்தம். அவர் சொல்வது ஒன்றும் இங்கே கேட்காது. அதற்காகவே வீட்டில் உட்கார்ந்து கைசாடைகள் வகுத்திருந்தார்கள். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. கட்டைவிரலைப் பின்னால் காட்டினால் ரிவர்ஸ். வீட்டு ஹாலில் இது அருமையாக நடந்தது. கடலில் அவர் பதற்றத்தில் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் ஆட்டுவார். அது வகுத்த சாடைகளில் எதிலும் சேராது.

“ஏங்க, முன்னாடியா பின்னாடியா?”

“அதைத்தானே காட்டறேன்!”

இது அக்கம்பக்கத்துப் படகுகளுக்கு நன்றாகக் கேட்கும். எந்த விரிகுடாவிலும் நமக்கு முன்னால் வந்தவர்கள் சாயங்காலம் கையில் பியரோடு வெளியே உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வரும் தம்பதிகள் நங்கூரம் போடுவதைப் பார்ப்பதுதான் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. எங்கள் அக்கா நாலு வருஷம் பரதம் கற்றவள். அவ்வளவு பெரிய சபையில் அவள் நின்றது இங்கேதான்.

சரி, நங்கூரம் விழுந்துவிட்டது. இனி கணக்கு. ஆழம் 5 மீட்டர். ராத்திரி ஏற்றம் வந்தால் இன்னும் 3. படகின் மூக்கு தண்ணீருக்கு மேலே 1. ஆக 9. அதற்கு ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும்: 45 மீட்டர். இதுவரை புத்தகத்தில் இருப்பதுதான். சங்கிலி நீளமாகக் கீழே கிடந்தால்தான் நங்கூரத்தைப் படுக்கை வாட்டத்தில் இழுக்கும், மண்ணுக்குள் இன்னும் புதையும். குட்டையாக இருந்தால் மேல்நோக்கி இழுத்துப் பிடுங்கிவிடும். ஆனால் இவர்கள் “ஒரு தைரியத்துக்கு” என்று இன்னும் பத்து மீட்டர் விடுவார்கள். சங்கிலி நீண்டால் படகு சுற்றும் வட்டம் பெரிதாகும். வட்டம் பெரிதானால் பக்கத்துப் படகு உள்ளே வந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் மேலே இழுத்து, வேறு இடம் போய், மறுபடி முதலிலிருந்து. மறுபடி கைசாடை. பியர் கோஷ்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும்.

ஒருவழியாக எஞ்சினை ரிவர்ஸில் போட்டு இழுத்துப் பார்த்து, படகு நகரவில்லை என்று உறுதியானதும் சாதாரண மனிதன் காபி கேட்பான். இவர்கள் மூக்கில் மண்டியிட்டுச் சங்கிலியின் மேல் உள்ளங்கையை வைப்பார்கள். நங்கூரம் தரையில் உரசிக்கொண்டு வந்தால் சங்கிலி வழியாக அதிர்வு தெரியுமாம். கண்ணை மூடிக்கொண்டு வைத்தியர் மாதிரி நாடி பார்ப்பார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு, “நீ வச்சுப் பாரு மாப்ள. ஏதாவது தெரியுதா?” என்பார்கள். இல்லை என்றால் “நல்லா வச்சுப் பாரு.” அப்புறம் கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு பாறையையும் நேர்கோட்டில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கோடு கலைந்தால் படகு நகர்கிறது. “அந்த மரம் எதுன்னு ஞாபகம் வச்சுக்கோ” என்று எனக்குப் பொறுப்புத் தருவார்கள். அந்தத் தீவுகளில் இருப்பதெல்லாம் ஒரே மாதிரி ஹூப் பைன் மரங்கள், ஆயிரக்கணக்கில்.

ராத்திரிக்குச் செல்போன் இருக்கிறது. படகு குறிப்பிட்ட வட்டத்தைத் தாண்டினால் அலாரம் அடிக்கும். சங்கிலி 45 மீட்டர் வெளியே இருக்கும்போது வட்டத்தை 20 மீட்டர் என்று வைத்தால் என்ன ஆகும்? ஓதம் திரும்பும், படகு தன் பாட்டுக்கு நங்கூரத்தைச் சுற்றி மறுபக்கம் போகும், ஒன்றரை மணிக்கு அலாரம் அலறும். “வட்டத்தைக் கொஞ்சம் பெருசா வைங்களேன் அத்தான்” என்று யாராவது சொன்னால், “பெருசா வச்சா அடிக்காதே!” என்று பதில் வரும்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே போவார்கள். பாறையைத் தேடி வெளிச்சம் அடிப்பார்கள். வெளிச்சம் பக்கத்துப் படகின் ஜன்னலில் போய் விழும். அங்கிருந்து உள்ளாடையோடு ஒரு கிழவர் எழுந்து வந்து, “எல்லாம் சரியா, மேட்?” என்று கேட்பார். அவரிடமும், உங்கள் நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று விசாரிப்பார்கள். “உன் டார்ச் வரும்வரை நன்றாகத்தான் பிடித்திருந்தது” என்று சொல்லிவிட்டுக் கிழவர் உள்ளே போனார். போவார், பொதுவாக.

விட்சண்டே தீவுக்கூட்டத்தில் 74 தீவுகள். அங்கே சிட் ஹார்பர் என்று ஒரு துறை. காற்று உள்ளேயே வராது, குளம்போல் கிடக்கும். படகு தூங்குவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் 2018-ல் அங்கே மூன்று பேரைச் சுறா கடித்தது, ஒருவர் இறந்துபோனார். தண்ணீரில் இறங்காதே என்று எச்சரிக்கை உண்டு. அங்கேதான் ஒரு சாயங்காலம் அத்தான் (சரி, அத்தான்தான், இனி மறைத்துப் பயனில்லை) என்னிடம் நீச்சல் கண்ணாடியை நீட்டினார். “சும்மா குதிச்சு நங்கூரம் எப்படி விழுந்திருக்குன்னு பாத்துட்டு ஏறிடு மாப்ள. ஒரு நிமிஷம்தான்.” சுறா விஷயத்தை நினைவூட்டினேன். “அது 2018” என்றார்.

அந்தப் பக்கத்தில் பவளப்பாறையை நங்கூரம் கெடுத்துவிடக் கூடாது என்று அரசாங்கமே கடலடியில் பாரம் இறக்கி மிதவைகள் போட்டு வைத்திருக்கிறது. எவ்வளவு நீளமான படகு கட்டலாம், எவ்வளவு காற்றுவரை தாங்கும் என்பதுகூட அதிலேயே இருக்கும். காசு கிடையாது. கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். மிதவை கண்ணில் பட்டதும் அக்கா முகத்தில் வந்த வெளிச்சத்தைச் சொல்ல வேண்டும். அத்தான் கட்டினார். பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “இதை யார் போட்டாங்கன்னு நமக்குத் தெரியாதே” என்றார். அவிழ்த்தாகிவிட்டது.

இதுவரை சிரிக்கலாம். வைட்ஹேவன் கடற்கரை விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளை மணல். கிட்டத்தட்ட முழுக்கச் சுத்தமான சிலிக்கா. வெயிலிலும் கால் சுடாது, நடந்தால் கீச்சென்று சத்தம் போடும். வடகோடியில் ஹில் இன்லெட் என்ற கழிமுகம். மேலே பார்வை மேடையில் ஏறி நின்றால், ஓதம் ஏறும்போது வெள்ளை மணலும் நீலத் தண்ணீரும் ஒன்றுக்குள் ஒன்று சுழன்று கலப்பது தெரியும். அக்கா பல வருஷமாக அந்தப் படத்தைச் சமையலறை நாள்காட்டியில் பார்த்துக்கொண்டிருந்தவள். அவரோடு சேர்ந்து போய் நிற்க வேண்டும் என்று ஒரு புடவை வேறு எடுத்து வந்திருந்தாள். “நீங்க போயிட்டு வாங்க. யாராவது ஒருத்தர் படகைப் பார்த்துக்கணுமே” என்றார் அவர். அலையும் இல்லை, காற்றும் இல்லை, எங்களைத் தவிர அங்கே நின்ற எல்லாப் படகும் ஆளில்லாமல்தான் நின்றன. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. படங்களில் பக்கத்தில் நான் நிற்கிறேன். அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டுக் கூட வராமல் இருப்பது என்ன நியாயம்? சாய்ந்து ஆடும் அடுப்பில் மூன்று வேளையும் சமைத்தது அவள். உப்புத்தண்ணீரில் பாத்திரம் கழுவியது நானும் குழந்தைகளும். இவர் ஒரு தட்டை எடுத்து வைத்தாரா? கேட்டால், கண் சங்கிலியில் இருக்க வேண்டுமாம்.

போவென் ஊரைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன். அங்கே மாம்பழம் பிரசித்தம். அந்த ரகத்தின் முன்னோர், குதிரை ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் போய்வந்த கப்பல்களில் வந்தது என்கிறார்கள். ஊருக்கு வெளியே பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு மாம்பழம் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். நாங்கள் போனது பருவமில்லாத மாதம். ஐஸ்கிரீமில்தான் மாம்பழம் கிடைத்தது. அத்தான் அங்கே முகம் மலர்ந்து இருந்தார். காரணம், மாம்பழம் இல்லை. படகைத் துறைமுகத்தில் கட்டியிருந்தோம். நாலு கயிறு போதும். எட்டுக் கயிறு போட்டிருந்தார்.

ஹின்சின்புரூக் கால்வாயில் இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு, காட்டுக்குப் பின்னால் ஆயிரம் மீட்டருக்கு மேல் எழும் மலை, தண்ணீரில் முதலை. அங்கே என்னைக் குதிக்கச் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மலைமுகட்டில் மேகம் உட்கார்ந்திருந்தது. சாண்ட்ஃபிளை என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து எல்லாரும் உள்ளே ஓடிவிட்டோம். கால்சட்டைக்கு மேல் இன்னொரு கால்சட்டை போட்டுக்கொண்டு, தலையில் அக்காவின் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, அவர் மட்டும் மூக்கில் உட்கார்ந்திருந்தார். நடு ராத்திரி நான் எழுந்து போனேன். சின்னவள் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா தனியாக இருக்கிறாரே என்று வந்தாளாம். ஒரு கை அவள் தலையில், ஒரு கை சங்கிலியில். “உக்காரு மாப்ள” என்றார். உட்கார்ந்தேன். அந்த ஒரு ராத்திரி அவர் எதையும் கேட்கவில்லை. நட்சத்திரங்களைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தார், பாதி தப்பும் தவறுமாக.

கெய்ர்ன்ஸில் படகை விட்டபின் பயணம் முடிந்தது என்று நினைத்தோம். ஒரு காரை வாடகைக்கு எடுத்து, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, குக்டவுனுக்குக் கூட்டிப்போனார். 1770 ஜூனில் கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பல் அந்தக் கடலில் பவளப்பாறையில் மோதி நின்றது. பாரம் குறைக்கப் பீரங்கிகளைக்கூடக் கடலில் தள்ளி, கப்பலை மீட்டு, அந்த ஊர் ஆற்றங்கரையில் ஏழு வாரம் பழுது பார்த்தார்கள். அப்போது கடலடியில் விட்டுப்போன நங்கூரம் ஒன்றை இருநூறு வருஷம் கழித்து மேலே எடுத்து, அங்குள்ள அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் இந்த ஓட்டம். குழந்தைகள் ஐந்து நிமிஷத்தில் வெளியே ஓடின. அவர் அசையவில்லை. துருவேறிய அந்த இரும்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். காவலாளி பார்க்காத நேரத்தில் உள்ளங்கையை வைத்தும் பார்த்திருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. வெளியே வந்து, “இருநூறு வருஷம் மாப்ள, ஒரு இடத்துல!” என்றார். குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

ஊருக்குத் திரும்பியபின் விருந்துகளில் பயணப் படம் காட்டுகிறார். தீவு ஒன்றும் இருக்காது. ராத்திரி ராத்திரி படகு நங்கூரத்தைச் சுற்றி அலைந்த ஜிபிஎஸ் கோடுகளைப் படம்பிடித்து வைத்திருக்கிறார். பிறைபிறையாக, ஒரே மாதிரி. “இது நாரா இன்லெட். பாருங்க, துளி நகரல. இது மேக்னெட்டிக் ஐலண்டு.” வந்தவர்கள் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டுகிறார்கள்.

போன வாரம் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு ரசீது அனுப்பியிருந்தார். முந்தையதைவிடப் பத்து கிலோ கனமான நங்கூரம். கீழே, “எல்லாருக்கும் பொதுவான பாதுகாப்புச் செலவு என்பதால் மூணு பங்கு” என்று எழுதியிருந்தார். என் பங்கை அனுப்பிவிட்டேன். கிடைத்ததா என்று நான் கேட்பதற்குள், அனுப்பினேனா என்று அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.