கூரைக்கு வந்த வரன்கள்

கே: நேற்றிரவு எலுமிச்சை அளவு ஆலங்கட்டி மழை. விடிந்ததும் வாசலில் மூன்று கூரைக்காரர்கள். "டிடக்டிபிளை (காப்பீட்டில் நீங்கள் கட்டவேண்டிய பங்கை) நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார் ஒருவர். கையெழுத்துப் போடலாமா? (வாசகர், டாலஸ்)

ப: மாமனாரே அவ்வளவு செய்யமாட்டார்! டெக்சஸில் 2019 முதல் கூரைக்காரர் டிடக்டிபிளை ஏற்றுக்கொள்வது குற்றம். அதை நீங்களே கட்டியதற்கான ரசீதைக் காப்பீட்டு நிறுவனமும் கேட்கலாம். பேனாவை உள்ளே வையுங்கள்.

கூரைமேல் ஏறாதீர்கள், கூரைக்குக் காப்பீடு இருக்கிறது, இடுப்புக்கு? தரையிலிருந்தே படமெடுங்கள். மழைநீர்க் குழாயடியில் கறுப்பு மணல் குவிந்திருந்தால் அது கூரை ஷிங்கிளின் மேல்பூச்சு. நசுங்கிய ஏசி தகடும் நல்ல சாட்சி. ஒழுகினால் ஆள் வைத்துத் தார்ப்பாய் போடுங்கள், ரசீது பத்திரம். உடனே காப்பீட்டுக்காரருக்குப் போன்.

ஆலங்கட்டி மிச்சமிருந்தால் ஸ்கேலோடு படமெடுத்து ஃப்ரீசரில் வையுங்கள். ஜூஸில் போட்டுவிட வேண்டாமென்று வீட்டில் சொல்லியும் வையுங்கள்.