சிமெண்ட் கலர் பேன்ட்

பெரம்பலூரில் குடியிருந்துகொண்டு அரியலூருக்கு வேலைக்குப் போகிறவன் என்ன கலரில் பேன்ட் போடுவது என்பதைச் சுண்ணாம்புக்கல் லாரிகள்தான் முடிவு செய்யும். கறுப்பு பேன்ட்டோடு பஸ் ஏறினால் மாவு மில்லில் வேலை பார்க்கிற ஆள் மாதிரிதான் போய் இறங்க வேண்டும். வெள்ளை போடலாமென்றால் எங்கள் ஊர்க் கரிசல் விடாது. பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற மண். மழை நாளில் ஒரு சொட்டு தெறித்தால் போதும், எந்த சோப்புக்கும் மசியாது. இரண்டு ஊருக்கும் ஒத்துவருவது சிமெண்ட் கலர் ஒன்றுதான். 2001-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது, மறு வருஷமே திரும்பிச் சேர்ந்தது, 2007-இல் மறுபடி பிரிந்தது. மாவட்டம் எத்தனை தடவை மாறினாலும் பேன்ட் கலர் மாறவில்லை.

அந்தச் சுண்ணாம்புத் தூசியையும் லேசாக நினைக்கக் கூடாது. பல கோடி வருஷத்துக்கு முன்னால் அரியலூர் கடலுக்கு அடியில் கிடந்த இடம். ஆபீஸ் வாசலில் நின்று நான் தொடையைத் தட்டிவிட்டால் பறப்பது கிரெட்டேசியஸ் காலத்துச் சிப்பி.

ரெடிமேட் எனக்குக் கட்டுப்படியாகாது. விலையை விடுங்கள், அதில் வயிற்றுக்கு வளர வழியே இல்லை. 58 பன்னாவில் ஒன்றேகால் மீட்டர் டெரிகாட்டன் எடுத்து டெய்லரிடம் கொடுத்தால், பின்பக்கத் தையலுக்குள் துணி விட்டுத் தைப்பார். எங்கள் டெய்லர் இடுப்பில் டேப்பைச் சுற்றிக்கொண்டே ஆரூடம் சொல்லுகிறவர்.

"இப்ப முப்பத்தி நாலுங்க சார். பொங்கல் வரைக்கும் தாங்கும்."

"ஒரு இஞ்ச் உள்ள விடுங்கண்ணே."

"ஒண்ணு பத்தாது சார். தை மாசம் பூரா முகூர்த்தம்."

ரெண்டு இஞ்ச் விட்டார். மாசிக்குள் பிரித்தும் விட்டார்.

சட்டைக்கும் இதே கணக்குதான். வெளிர் நீலம், வெள்ளை, பொடிக்கட்டம். எதை எடுத்தாலும் சிமெண்ட் கலரோடு சண்டை போடாது. எல்லாமே முழுக்கை. கழுத்துப் பக்கம் நைந்தால் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துக்கொள்ளலாம். கஃப் பிய்ந்தால் அரைக்கை ஆக்கிவிடலாம். அதற்கப்புறம் வண்டி துடைக்க. அரைக்கையாகவே தைக்கிறவர்கள் ஒரு ஜென்மத்தை வீணாக்குகிறார்கள் என்பது என் கருத்து.

துவைத்த பேன்ட் காயாத நாளுக்கு வேட்டி. தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019-இல் வந்த உடை உத்தரவிலேயே பேன்ட்டுக்குப் பக்கத்தில் வேட்டிக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்பே, 2014-இல், வேட்டி கட்டியவரை கிளப்புகள் வாசலோடு திருப்பி அனுப்பக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. பெரம்பலூரில் என்னைத் திருப்பி அனுப்ப கிளப் எதுவும் இல்லை. இருந்தாலும் ஒரு தெம்பு. எட்டு முழம் வாங்கினால் இன்னொரு சௌகரியம், அளவெடுக்க வேண்டாம். முப்பத்தி நாலோ நாற்பதோ, வேட்டி யாரிடமும் சொல்லாது.

பாக்கி கோட்டு. இந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளை ஆயுளில் ஒரு தடவை, ரிசப்ஷனுக்குக் கோட்டு தைக்கிறான். அதை மினுமினுக்கிற மெரூனில் தைத்துவிட்டு, அப்புறம் பீரோவுக்குள் பாச்சை உருண்டைக்குத் துணையாகத் தொங்கவிடுகிறார்கள். மாமனார் செலவுதானே என்று எனக்கும் மெரூன்தான் காட்டினார்கள். கருநீலம், மினுப்பு கூடாது, உள்ளே துணி விட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மாப்பிள்ளை கெட்டிக்காரர் என்று மாமனார் சொல்லவில்லை. மூஞ்சி அப்படித்தான் இருந்தது.

எங்கள் ஆபீஸில் யார் கோர்ட்டுக்குப் போவதானாலும் கோட்டு போட வேண்டும். முதல் நாள் சாயந்தரம் என் வீட்டுக்கு வந்து காபி குடிக்கிறார்கள். எல்லாருக்கும் தொந்தி ஒரே அளவு இல்லை. அதனால் கோட்டு வழியில் டெய்லர் கடையில் இறங்கி, முதுகுத் தையலைப் பிரித்துவிட்டுக்கொண்டு போகிறது. திரும்பி வரும்போது பிடித்துக்கொண்டு வருகிறது. கூலி போட்டுக்கொண்டவர் பொறுப்பு. போன மாதம் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு நான் கேட்டபோது, அது ஒரு நிலம் எடுப்பு வழக்கில் ஆஜராகியிருந்தது.